சம்பந்தி தந்த எஞ்சின்

சிவசாமிக்கு வந்த ஆத்திரத்தில், கந்தப்பொளை ஏற்றத்தில் நின்றுபோன பிக்கப்பை அப்படியே பள்ளத்தில் தள்ளிவிட்டிருப்பான். ஏற்றியிருந்த லீக்ஸும் கோவாவும் அடுத்தவருடைய மரக்கறி என்பதால் தள்ளவில்லை. மாற்றிப் போட்டு ஒரு வாரம்கூட ஆகாத எஞ்சின், ஆவி கக்கி, கடகடவென்று கத்தி, இறுகிப் போயிருந்தது.

மேனேஜர் துரையை எதிர்த்துப் பேசினான் என்று தேயிலைத் தோட்டத்தில் அவனுக்குப் பேர் வெட்டியபோது வேலையும் போனது, குடியிருந்த லயத்துக் காம்பராவும் போனது. அதற்குப் பிறகு அந்தப் பிக்கப்தான் சோறு போட்டது. உடப்புசல்லாவையில் மரக்கறி ஏற்றி நுவரெலியா மார்க்கெட்டில் இறக்குவான். பழைய எஞ்சின் தேய்ந்து, புகையாய்த் தள்ளி, ஒவ்வொரு ஏற்றத்திலும் உயிரை வாங்கியது. புது எஞ்சினுக்கு அவன் எங்கே போவான்? கறவை மாடு இரண்டையும் விற்றான். அந்தக் காசுக்குள் ஒரு பழைய எஞ்சின் இருப்பதாக ஹட்டனிலிருந்து ஆள் அனுப்பினார் அழகுமுத்து. பழைய லொறிகளை உடைத்து விற்பவர். சிவசாமியின் மகள் பூரணி அவருடைய மருமகள்.

சனியன் பிடித்தது அங்கேதான். எஞ்சின் எடுக்க ஹட்டனுக்குக் கூடப் போன மெக்கானிக் கணேசமூர்த்தி அதன் பக்கத்தில் குனிந்தான்.

"அண்ணே, தண்ணி ஊத்தி கொஞ்ச நேரம் ஓட்டிப் பாத்துட்டு ஏத்துவோம்."

சிவசாமி அவன் சட்டையைப் பிடித்து நிமிர்த்தினான். "சம்பந்தி குடுக்கிற சாமான சோதிச்சா வாங்குவாங்க? மரியாத கெட்டவனே!"

பெண்ணைக் கொடுத்தவன் சம்பந்தி வீட்டில் கேள்வி கேட்கக் கூடாதாம். இந்த மரியாதையை எந்த மடையன் கண்டுபிடித்தானோ! சிவசாமி பணத்தை வெற்றிலைத் தட்டில் வைத்து நீட்டினான். எஞ்சினுக்குத் திருநீறு பூசி, விழுந்து கும்பிடாத குறையாக ஏற்றிக்கொண்டு வந்தான்.

இப்போது கணேசமூர்த்தி அதைக் கழற்றி, பெயிண்டைச் சுரண்டிக் காட்டினான். எஞ்சின் பிளாக்கில், தண்ணீர் ஓடும் இடத்தில், ஒரு விரல் நீளத்துக்கு வெடிப்பு. அதில் எதையோ வைத்து அடைத்து, மேலே கறுப்புப் பெயிண்ட் அடித்திருந்தார்கள்.

"அந்த ஆள் கழுத்தப் புடிச்சு காச வாங்காம வரமாட்டேன்" என்று குதித்தான் சிவசாமி.

அவன் மனைவி மீனம்மா குறுக்கே வந்து நின்றாள். "நீங்க கத்திட்டு வந்துருவீங்க. அங்க கெடந்து சீரழியப் போறது நம்ம புள்ள."

வாடகை லொறியில் எஞ்சினைப் போட்டுக்கொண்டு ஹட்டன் போய்ச் சேரும்வரை அந்தப் பேச்சு அவன் வாயைக் கட்டிப் போட்டிருந்தது.

அழகுமுத்து சிரித்த முகமாக வரவேற்றார். விஷயத்தைக் கேட்டும் சிரிப்பு மாறவில்லை. "நல்ல எஞ்சினாச்சே சம்பந்தி! நீங்க தண்ணி பாக்காம ஓட்டியிருப்பீங்க."

சிவசாமிக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. ஆனால் வாயிலிருந்து வந்ததோ, "இருக்கலாமுங்க, இருந்தாலும் நீங்க ஒரு தடவ பாத்து..." என்ற குழைவுதான். தன் வாயிலேயே ஓங்கி அறைய வேண்டும் போலிருந்தது அவனுக்கு.

தேத்தண்ணி கொண்டுவந்த பூரணி கிளாஸை டக்கென்று வைத்தாள்.

"பொய் சொல்லாதீங்க மாமா. வெடிப்ப அடைச்சு நீங்க பெயிண்ட் அடிச்சத நான் பாத்துக்கிட்டுதானே நின்னேன்."

"உள்ள போடி!" என்று உறுமினார் அழகுமுத்து. அவள் அசையவில்லை.

சிவசாமியின் கோபம் தடம் மாறி மகள்மேல் பாய்ந்தது. "தெரிஞ்சும் ஏன் சொல்லல? மாட்ட வித்த காசு அது!"

"நீங்க பாத்து வாங்குவீங்கன்னு நெனச்சேன்!" அவள் குரல் அவனுடையதைவிட ஓங்கியது. "உங்க மாப்பிள்ள குடிக்கிறதும் அடிக்கிறதும் இந்தக் கடவீதிக்கே தெரியும். ஒருத்தர்கிட்டயும் விசாரிக்காம என்னைய இங்க தள்ளுனீங்க. எஞ்சினையாவது சோதிச்சு வாங்குவீங்கன்னு நெனச்சேன்ப்பா."

சிவசாமி கிளாஸைத் தள்ளிவிட்டு எழுந்தான். வெளியே போய் லொறியின் பின்பலகையைத் திறந்தான். லொறிக்காரர்களும் கைகொடுக்க, எஞ்சினை அழகுமுத்து வீட்டு வாசற்படியிலேயே உருட்டித் தள்ளினான். படி பிளந்தது.

"காசுக்கு நாளைக்கு ஆளோட வர்றேன்டா" என்றான் சம்பந்தியைப் பார்த்து.

பிறகு மகள் பக்கம் திரும்பினான்.

"லொறியில இப்ப எடம் இருக்கு தாயி. பொட்டிய எடுத்துக்கிட்டு ஏறு."