வாறேன்

"மக்கா, வாறேன்னு ஒரு வார்த்தை சொல்லாமப் போறியே, இனி வரவே மாட்டியா?"

பத்தாம் வகுப்போடு நின்ற அன்று டீச்சர் கேட்டதை ஜிஜா மறக்கவில்லை. அவள் அதன்பிறகு பள்ளிக்கூடத்துக்குப் போகவுமில்லை.

இப்போது வெள்ளறடையில், அவள் வீட்டுக்கு அடுத்த ரப்பர் தோட்டத்துப் பங்களாவில் படப்பிடிப்பு. பழைய பேய்ப்படம் ஒன்றை எட்டு பாகத் தொடராக எடுக்கிறார்கள். படத்தில் பேய் "போகிறேன்" என்று சொல்லி ஒரேயடியாகப் போய்விடும். தொடரிலோ அது பாகத்துக்குப் பாகம் திரும்பி வர வேண்டும். வசனம் எழுதும் விஜயதாஸ் வழி தெரியாமல் மூன்று நாளாக முற்றத்தை அளந்துகொண்டிருந்தார்.

அங்கே கப்பைக் கிழங்கும் சம்மந்தித் துவையலும் டீயும் கொண்டுபோகும் ஜிஜா, யாருக்கும் காட்டாத தன் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து நேற்று அவரிடம் நீட்டினாள். முதல் பாகத்தின் முடிவில் பேய் வாசலைத் தாண்டும்போது திரும்பிப் பார்த்து "வாறேன்" என்கிறது. அவ்வளவுதான்.

இன்று இயக்குநர் தொடையில் தட்டிச் சிரித்தார். "போறதுக்கும் அதே சொல்லு, வாறதுக்கும் அதே சொல்லு! இது யாருக்குவே தோணிச்சு?"

"எனக்காக்கும் சார். குளிக்கும்போ தோணிச்சு" என்றார் விஜயதாஸ்.

டீ கிளாஸ் தட்டோடு ஜிஜா பக்கத்தில்தான் நின்றாள். மற்ற ஏழு முடிவுகளும் அவள் கக்கத்து நோட்டில் இருந்தன. அவற்றையும் கொடுக்கத்தான் வந்திருந்தாள்.

இயக்குநர் நகர்ந்ததும் விஜயதாஸ் குனிந்து கேட்டார்: "மக்கா, வேற வல்லதும் எழுதி வச்சிருக்கியா?"

அவள் தட்டைக் கீழே வைத்தாள். நோட்டை இறுக்கிக்கொண்டு நடந்தாள்.

"எம் மக்கா, நாளைக்கு வருவேல்லா?"

அந்த ஒரு சொல்லுக்காக அவர் வாசலிலேயே நின்றார். ஜிஜா அதைச் சொல்லாமலே போய்விட்டாள்.