தபாலின் உடம்புச் சூடு

தபால் என்ற நாய் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பால் வருவதற்கு முன்பே செத்துப்போனது. அதன் உடம்பு ஆறுவதற்கு மேற்கொண்டு இரண்டு வருடம் பிடித்தது. அது செத்ததில் யாருக்கும் சந்தேகம் இல்லை. கால்நடை டாக்டர் வந்து நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்தார், இமையைத் தூக்கி டார்ச் அடித்துப் பார்த்தார், மூக்கருகே கண்ணாடியைப் பிடித்துப் பார்த்தார். மூச்சும் இல்லை, துடிப்பும் இல்லை. ஆனால் வயிற்றில் கைவைத்தால், இப்போதுதான் இஸ்திரி போட்டு மடித்த சட்டை மாதிரி இதமாக இருந்தது. குளிர்ந்த காலை என்பதால் டாக்டருக்குக் கையை எடுக்க மனம் வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து எடுத்துக்கொண்டு, "போயிடுச்சு. ஆனா ஆறட்டும். ஆறினப்புறம் எடுங்க" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

அந்த வீட்டுக்காரர் ஃபிரிட்ஜ் மெக்கானிக். அவர் மனைவி பள்ளிக்கூடச் சீருடை தைப்பவள். முன்னறையில் அவளுடைய தையல் மெஷினும் நீலத் துணிக் குவியலும் இருக்கும். பின்பக்கம் தகரக் கொட்டகையில் அவர் கழற்றிப் போட்ட கம்ப்ரசர்களும் கதவில்லாத ஃபிரிட்ஜ்களும் கிடக்கும். பதினொரு வருடத்துக்கு முன்னால் ஒருநாள் அவர் ஒன்று கேட்க அவள் வேறொன்று சொல்ல, எரிச்சலில் அவர், "உன்கிட்ட பேசுறதும் நாய்கிட்ட பேசுறதும் ஒண்ணுதான்" என்று சொல்லிவிட்டார். "அப்ப நாய்கிட்டயே பேசிக்கங்க" என்றாள் அவள். வேறு வீடாக இருந்தால் சாயங்கால டீயோடு அது கரைந்திருக்கும். இங்கே இரண்டு பேருக்கும் வீம்பு கொஞ்சம் தூக்கல். போதாததற்கு முந்தின வாரம்தான் எங்கிருந்தோ ஒரு பழுப்பு நிற நாய்க்குட்டி வந்து வாசலில் ஒண்டியிருந்தது. மெக்கானிக் அதன் பக்கம் திரும்பி உட்கார்ந்து, "உங்கம்மாகிட்ட சொல்லு, எனக்கு ராத்திரி சாப்பாடு வேண்டாம்னு" என்றார். "உங்கப்பாகிட்ட சொல்லு, நான் சமைக்கவே இல்லைன்னு" என்று அவளும் அதனிடமே சொன்னாள்.

அப்படியே பழகிவிட்டது. கரண்டு பில், கூரை ஒழுகல், அவள் தம்பி வீட்டுக் கல்யாணம் எல்லாமே அந்தக் குட்டியின் தலைக்கு மேலேதான் பேசி முடிவானது. அது இந்த முகத்தையும் அந்த முகத்தையும் மாறி மாறிப் பார்த்தபடி வளர்ந்து நாயானது. தெருவில் அதற்குத் தபால் என்று பெயர் வைத்தார்கள். பிள்ளைகள் இருந்திருந்தால் இந்த வேலையை அவர்கள் தலையில் கட்டியிருப்பார்கள். இல்லாததால் நாய்க்கு வாய்த்தது. அதுவும் முகம் கோணாமல் செய்தது.

ஆகவே அது செத்த அன்று, அதன் உடம்பை என்ன செய்வது என்ற பேச்சும் அதன் வழியாகவே நடந்தது. செத்ததிடம் பேசுகிறோம் என்று இருவருக்கும் உறைக்கவில்லை. "தபாலு, உன்னைப் பின்பக்கம் எலுமிச்சை மரத்தடியில புதைக்கலாம்னு இருக்கேன், உங்கம்மாகிட்ட கேளு" என்றார் அவர். "மழை பேஞ்சா அந்த இடம் சேறாயிடும். பிராணிகளை எரிக்கிற கூடம் ஊருக்கு வெளிய இருக்கு. எரிச்சுச் சாம்பலைக் கொண்டுவந்து மெஷின்கிட்ட வச்சுக்கலாம்னு சொல்லு" என்றாள் அவள். "எரிக்க வேண்டாம்னு சொல்லு." "புதைக்க வேண்டாம்னு சொல்லு." கடைசியில் அவள் டாக்டர் சொன்ன சொல்லைப் பிடித்துக்கொண்டாள். சூட்டோடு யாராவது எடுப்பார்களா, ஆறட்டும், பிறகு பார்க்கலாம் என்று தபாலிடம் சொன்னாள். அதில் மட்டும் அவருக்கும் சம்மதம்.

மறுநாளும் ஆறவில்லை. அதற்கு அடுத்த நாளும் இல்லை. மெக்கானிக் தன் தொழில் புத்தியைக் காட்டினார். சூடாக இருப்பதைக் குளிர வைப்பதுதானே அவர் பிழைப்பு. ஓட்டல்காரர் ஒருவர் ரிப்பேருக்குக் கொடுத்து, அவர் சரிசெய்து வைத்திருந்த பெரிய ஃபிரிட்ஜில் தட்டுகளை உருவிவிட்டு, ஒரு போர்வையை விரித்து, தபாலை உள்ளே படுக்க வைத்துக் கதவைச் சாத்தினார். மத்தியானத்துக்குள் ஐஸ் முழுவதும் உருகிக் கொட்டகை நனைந்தது. சாயங்காலம் கதவிடுக்கில் ஆவி வந்தது. திறந்து பார்த்தால் நாய் அப்படியே இருக்கிறது, ஃபிரிட்ஜ்தான் கெட்டுப்போயிருக்கிறது. அதற்கப்புறம் அந்த ஃபிரிட்ஜ் யார் தொட்டும் குளிரவே இல்லை. ஓட்டல்காரர் நல்ல மனிதர், அதைத் திரும்ப வாங்கிப்போய்ச் சாப்பாட்டைச் சூடாக வைக்கப் பயன்படுத்திக்கொண்டார். இன்றுவரை ஒரு குறையும் சொன்னதில்லை.

வாரங்கள் மாதங்களாயின. உடம்பு கெடவில்லை, நாறவில்லை, ஒரு முடி உதிரவில்லை. அவள் மிச்சம் விழுந்த நீலத் துணியில் ஒரு மெத்தை தைத்து முன்னறை ஜன்னலோரம் போட்டு, தபாலை அதில் கிடத்தினாள். மழைக்காலத்தில் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஈரக் காலுறைகளைக் கொண்டுவந்து அதன் முதுகில் காயப்போட்டார்கள். உயிரோடு இருந்தபோது அதைக் கண்டால் மதிலேறி ஓடிய எதிர்வீட்டுப் பூனை, இப்போது அதன் வயிற்றோடு சுருண்டு தூங்கியது. தெருமுனை பேக்கரிக்காரர் பிசைந்த மாவுத் தட்டை விடியற்காலையில் கொண்டுவந்து தபாலின் பக்கத்தில் வைத்துவிட்டுப் போவார். ஒரு மணி நேரத்தில் மாவு பஞ்சு மாதிரிப் பொங்கி நிற்கும். அவருடைய ரொட்டி அந்த வருடம்தான் ஊரில் பெயரெடுத்தது.

புதைப்பதா எரிப்பதா என்ற பேச்சு மட்டும் ஓயவில்லை. தினமும் சாயங்காலம் ஒருத்தர் இந்தப் பக்கம், ஒருத்தர் அந்தப் பக்கம் உட்கார்ந்து தபாலிடம் அதே வாதத்தை வைப்பார்கள். இங்கே ஓர் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். முடிவெடுப்பதில் மெக்கானிக்குக்கு ஆசையே இல்லை. தபாலை எடுத்துக்கொண்டு போய்விட்டால் பிறகு அந்த வீட்டில் எதன் வழியாகப் பேசுவது? சாப்பிட வரச் சொல்லிக்கூட ஒரு குரல் கேட்காது. தையல் மெஷின் ஓடும், கம்ப்ரசர் ஓடும், நடுவில் இரண்டு பேர் ஊமையாகக் கிழண்டு போவார்கள். அதனால் அவள் எப்போதாவது, "சரி, மரத்தடியிலயே வச்சுக்கட்டும்னு சொல்லு" என்று இறங்கி வந்தால், உடனே அவர், "எரிக்கிறதும் ஒருவிதத்துல நல்லதுதான்னு சொல்லு" என்று கட்சி மாறிவிடுவார். அவளும் அதே வேலையைத்தான் செய்கிறாள் என்பதை அவர் கவனிக்கவில்லை.

இரண்டாம் வருடக் கடைசியில் சுகாதார இன்ஸ்பெக்டர் வந்தார். யாரோ காலுறை காயப்போட இடம் கிடைக்காத கோபத்தில் புகார் சொல்லியிருக்க வேண்டும். மெத்தை முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தொட்டுப் பார்த்தார், அவரும் கையை எடுக்கக் கொஞ்ச நேரமானது. "சூடாத்தான் இருக்கு. நான் இல்லைங்கலை. ஆனா செத்தது வீட்டுக்குள்ள இருக்கக் கூடாது, அதான் சட்டம். நீங்களா ஒரு முடிவு பண்ணுங்க. இல்லேன்னா வெள்ளிக்கிழமை எங்க வண்டி வரும்" என்றார். "குப்பை வண்டியான்னு கேளு தபாலு" என்றாள் அவள். இன்ஸ்பெக்டர் நாயைப் பார்த்து, "ஆமா" என்றார்.

வியாழக்கிழமை மத்தியானம் அவள் தைத்த சட்டைகளைக் கொடுக்கப் பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தாள். மெக்கானிக் வேலைக்குப் போகவில்லை. ஓடாத ஃபிரிட்ஜ் சூடாகாது, அப்படியென்றால் தபாலுக்குள்ளேயும் ஏதோ ஓடுகிறது, வெளியே போக வழியில்லாமல் சுற்றுகிறது என்று அவருக்கு அன்றுதான் புத்தியில் பட்டது. கம்ப்ரசரில் காதை வைத்துக் கேட்பதுபோலத் தபாலின் வயிற்றில் காதை வைத்தார். உள்ளே அவர் குரல் கேட்டது.

கொட்டகையில் தனியாக இருக்கும்போது அவர் அந்த நாயிடம் சொன்னதெல்லாம் அங்கே இருந்தது. அவள் காதுபடச் சொல்ல முடியாதவை, நாய் வழியாகக்கூடச் சொல்லக் கூச்சப்பட்டவை. "கேஸ் வெடிச்சு நான் ஆஸ்பத்திரில கிடந்தப்ப ராத்திரியெல்லாம் கட்டில்கிட்ட உக்காந்திருந்தாளே, நான் முழிச்சுத்தான் இருந்தேன்னு சொல்லு." "அந்த மஞ்ச வெளிச்சத்துல ஊசி கோக்கக் கஷ்டப்படுறாளேன்னு புது பல்பு மாட்டினது நான்தான்னு சொல்லு." அவற்றுக்கு நடுவே அவள் குரலும் இருந்தது. மெஷினடியில் அவள் காலோரம் படுத்திருந்தபோது தபால் வாங்கிக்கொண்டவை. "எனக்குக் கோபமெல்லாம் எப்பவோ போயிடுச்சு, இதை எப்படி நிறுத்துறதுன்னுதான் தெரியலைன்னு சொல்லேன்." மெக்கானிக் சட்டென்று காதை எடுத்துக்கொண்டார். தபாலின் மேல் குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை. நாய்க்குப் பேச வராது. கொடுத்ததை எல்லாம் வாங்கி வைத்திருந்தது, சேர்க்க வழி தெரியாமல் செத்துப்போனது. அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அவர் அழுதார்.

அவள் திரும்பி வந்து செருப்பைக் கழற்றும்போது அவர் வாசலில் நின்றார். அவளை என்ன சொல்லிக் கூப்பிடுவது வழக்கம் என்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது. "இந்தாம்மா" என்றார், கடைக்கு வந்த யாரையோ கூப்பிடுவதுபோல. அவள் பின்னால் திரும்பிப் பார்த்தாள். வேறு யாரும் இல்லை.

"உள்ள வந்து அது வயித்துல காது வச்சுக் கேளு."

அவள் மண்டியிட்டுக் காதை வைத்தாள். ஒரு வார்த்தைக்கு மேல் கேட்டிருக்க மாட்டாள், நிமிர்ந்துவிட்டாள். "நாய் வாயால வேண்டாம்" என்றாள். "நீங்களே சொல்லுங்க."

அவர் சொல்ல ஆரம்பித்தார். ஆஸ்பத்திரியைச் சொன்னார், பல்பைச் சொன்னார். அன்றைக்கு நாயோடு சேர்த்துப் பேசியது தப்பு என்று சொன்னார். சொல்லச் சொல்லத் தபாலின் வால் முதலில் ஆறியது, பிறகு பின்னங்கால்கள். பூனை எழுந்து முன்பக்கமாக நகர்ந்து படுத்தது. அவள் முறை வந்தபோது அவள் சட்டைத் துணியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தபடியே சொன்னாள். அவர் தோள்பட்டை வலியில் முனகும்போதெல்லாம் தைலம் தடவக் கை போய்ப் போய் வந்ததைச் சொன்னாள். எப்படி நிறுத்துவது என்று தெரியாததைச் சொன்னாள். முதுகு ஆறியது, வயிறு ஆறியது. சில விஷயங்களுக்குச் சிரிப்பும் வந்தது. ஒரே கூரை ஒழுகலை இரண்டு பேரும் தனித்தனியாக ஆள் வைத்து இரண்டு முறை அடைத்திருந்தார்கள். வெயில் சாய்ந்து ஜன்னலை விட்டு இறங்கியபோது பூனை இடம் போதாமல் எழுந்து போய்விட்டது.

எங்கே வைப்பது என்று இந்த முறை அவர் நேராகவே கேட்டார். "மரத்தடியிலயே வச்சிடலாங்க. சேறானா மண்ணு போட்டுக்கலாம்" என்றாள் அவள். முழுசாக ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. வெள்ளிக்கிழமை காலை நீல மெத்தையோடு சேர்த்து எலுமிச்சை மரத்தடியில் புதைத்தார்கள். வண்டியோடு வந்த இன்ஸ்பெக்டர் குழியோரம் குனிந்து சரிபார்த்தார். எல்லாம் ஆறியிருந்தது, வலது முன்னங்காலைத் தவிர. அது மட்டும் டீ டம்ளர் மாதிரிச் சுட்டது. "இதுல இன்னும் இருக்கே" என்றார். மெக்கானிக் மனைவியைப் பார்த்தார். தன்னுடையது ஒன்றும் பாக்கியில்லை என்று அவருக்குத் தெரியும். "அது என்னோடதுதான். ஒண்ணே ஒண்ணு" என்றாள் அவள். "இருக்கட்டும், மண்ணைத் தள்ளுங்க." இன்ஸ்பெக்டர் தன் கையாலேயே முதல் பிடி மண்ணைப் போட்டார்.

அதிலிருந்து எலுமிச்சை மரத்தின் வடக்குப் பக்கம் ஒரு முறத்தளவு மண் மழையிலும் பனியிலும் வெதுவெதுப்பாகவே இருக்கிறது. புல் அங்கே கொஞ்சம் முந்தி முளைக்கும். பூனை தன் குட்டிகளை அங்கேதான் கொண்டுவந்து போடுகிறது. பேக்கரிக்காரரின் மாவுத் தட்டும் இப்போது அங்கேதான் பொங்குகிறது. மெக்கானிக்குக்குத் தலை நரைத்துவிட்டது, அவளுக்குக் கண்ணாடி கனத்துவிட்டது. தினமும் சாயங்காலம் டீயோடு பின்பக்கப் படியில் உட்கார்ந்ததும் அவர் கேட்பார், "அதுகிட்ட அப்படி என்னதான் சொன்ன?" அவள், "சொல்றேன், இப்ப என்ன அவசரம்?" என்பாள். பிறகு பேச்சு வேறெங்கோ போய், டீ ஆறி, விளக்குப் போடும்வரை நீளும்.

ஒருநாள் அவர் வீட்டில் இல்லாத நேரம் பார்த்து பேக்கரிக்காரர் அவளிடம் வந்தார். பொங்கிய மாவுத் தட்டைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு, சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "அண்ணி, அண்ணன் எவ்வளவு கேட்டாலும் அதை மட்டும் சொல்லிடாதீங்க. என் பொழைப்பே அதுலதான் இருக்கு" என்றார். அவள் ஊசியில் நூல் கோத்து முடித்துவிட்டு, சரி என்றாள்.