மூன்று சூடுகள்

"தண்ணிய இந்தப் பக்கம் ஊத்தும்மா," என்றாள் மய்யித்துக் குளிப்பாட்டும் உம்மு ஹமூத்.

நௌஃபா குவளையைச் சாய்த்தாள். வெள்ளைத் துணிக்கு அடியில் இறந்து கிடந்தவள் அவளுடைய நாத்தனார் வத்ஹா. விடிகாலையில் மாரடைப்பு. கல்யாணம் ஆகாதவள். சின்ன வயதில் கழுதையிலிருந்து விழுந்து கால் நொண்டியானவள். அப்படித்தான் நௌஃபாவிடம் சொல்லியிருந்தார்கள்.

"கால் ஓடாததுக்குச் சேர்த்து வாய் ஓடும் இவளுக்கு," என்றாள் உம்மு ஹமூத்.

"எம் மக வலியில அழுதா, நடிக்கிறா கழுதைம்பா," என்றாள் நௌஃபா.

உம்மு ஹமூத் கால்களைத் தேய்த்தாள். துணி விலகியது. முழங்காலுக்குக் கீழே இரண்டு வட்டத் தழும்புகள். பழுக்கக் காய்ச்சிய கம்பி பட்டவை. மூன்றாவது, கழுத்துக்குக் கீழே காறை எலும்பின் மேல்.

குவளை கையிலேயே நின்றது. மகள் ருபாவின் உடம்பிலும் அதே மூன்று இடங்களில் தழும்பு. அவளுக்குப் பத்து வயதில் வலி வந்தபோது, சூடு போடும் கிழவரிடம் தூக்கிப் போனவன் நௌஃபாவின் கணவன் ஃபலாஹ். எங்கே சுட வேண்டும் என்று அவனேதான் தொட்டுக் காட்டினான்.

பிறகு ஆஸ்பத்திரிகள். புற்றுநோய் என்று எலும்பைத் துளைத்துப் பார்த்தார்கள், இல்லை. கிருமி என்று மாதக்கணக்கில் ஊசி போட்டார்கள், வீக்கம் போய்ப் போய் வந்தது. போன வாரம் அம்மானில் ஒரு புது டாக்டரம்மா கேட்டாள்: "கிருமியே இல்லாம எலும்பு வீங்குற நோய் ஒண்ணு இருக்கு. உங்க குடும்பத்துல யாருக்காவது இப்படி இருந்துச்சா? இருந்தா ரத்தத்துலயே பாத்துடலாம், மறுபடி கத்தி வேணாம்."

ஃபலாஹ் யோசிக்கக்கூட இல்லை. "யாருக்கும் இல்ல, டாக்டர்."

இடுப்பெலும்பை மறுபடி வெட்டிப் பார்க்க வியாழக்கிழமைக்கு நாள் குறித்தார்கள்.

கஃபன் துணி சுற்றி முடிந்ததும் ஃபலாஹ் அடுக்களை வாசலுக்கு வந்தான். அழுதிருந்தான்.

"நல்லா கழுவினீங்களா?"

"எலும்பு வரைக்கும்."

"வத்ஹாவைப் பேசி முடிச்சவங்க, கால் விஷயம் தெரிஞ்சு திரும்பிப் போனதை நீ பாக்கல," என்றான். "நாளைக்கு ருபாவை யாரு கேட்டு வருவா?"

"வியாழக்கிழமை உங்க மக இடுப்பைக் கிழிக்கிறாங்க, அபூ ருபா. டாக்டர்கிட்ட நீங்க பேசுறீங்களா, நான் பேசவா?"

"மொதல்ல மய்யித்து எடுக்கட்டும். ஆளுங்க வந்துட்டாங்க."

நௌஃபா காப்பிக் கூஜாவை எடுத்தாள். சாவு வீட்டுக் காப்பி, சர்க்கரை இல்லாதது. அவன் ஒரே மடக்கில் குடித்து, போதும் என்று கோப்பையை ஆட்டினான். ஆட்டிய கோப்பையில் யாரும் ஊற்றுவதில்லை.

அவள் ஊற்றினாள்.

அதையும் குடித்து, மறுபடி ஆட்டினான்.

அவள் மறுபடி ஊற்றினாள்.