கையில் கிரீஸ்

கை சுத்தமாக இருந்தால் அந்த லிஃப்ட் மெக்கானிக் தொலைந்தான். கிரீஸ் ஒட்டியிருக்கிற வரைக்கும் அவன் ராஜா. யார் எந்தக் காகிதத்தை நீட்டினாலும் பத்து விரலையும் விரித்துக் காட்டி, "கையெல்லாம் கிரீஸு, நீங்களே படிங்க" என்பான். கரண்ட் பில், கல்யாணப் பத்திரிகை, மச்சான் எழுதிய கடிதம், எல்லாவற்றுக்கும் இதே வசனம்தான். இந்த ஒன்றை வைத்துக்கொண்டே பதினாலு வருஷம் குடும்பம் நடத்திவிட்டான் என்றால் ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

விஷயம் வேறொன்றுமில்லை. அவனுக்குப் படிக்க வராது. பள்ளிக்கூடம் போகாதவன் இல்லை. போய், பெஞ்சு மேல் ஏறி நின்று, பக்கத்துப் பையன் புண்ணியத்தில் பத்தாவது வரை தள்ளாடியவன்தான். தனித்தனியாக எழுத்தெல்லாம் தெரியும். நாலு எழுத்து கூடி ஒரு சொல்லாக நின்றால்தான் மூச்சு முட்டும். வரியின் முடிவுக்கு வருவதற்குள் ஆரம்பம் மறந்துபோகும்.

இதில் கூத்து என்னவென்றால், அவன் கட்டிக்கொண்டது அச்சகத்தில் பிழை திருத்துகிற பெண்ணை. முந்நூறு பக்கத்தில் ஒரு புள்ளி விட்டுப்போனாலும் அவள் கண்ணுக்குத் தப்பாது. தினமும் காலையில் அரை மணி நேரம் பேப்பரை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு படம் மட்டும் பார்க்கிற புருஷன் தப்பிவிட்டான்.

மூன்றாம் வகுப்புப் படிக்கும் மகள் விஷயத்தில்தான் ஆட்டம் கண்டது. அவள் வாய் ஓயாமல் கதை சொல்வாள், மனக்கணக்கில் புலி. புத்தகத்தைத் திறந்தால் மட்டும் ஊமையாகிவிடுவாள். சோம்பேறித்தனம், திமிர் என்று வகுப்பு டீச்சர் எழுதி அனுப்பினார். இப்படியே போனால் அடுத்த வருஷமும் மூன்றாம் வகுப்புதான் என்றும், வாசிக்கச் சொல்லும்போதெல்லாம் இந்தப் பெண்ணின் கை ஏன் அழுக்காகவே இருக்கிறது என்றும் கேட்டிருந்தார். அம்மாக்காரி அதை உரக்கப் படித்து முடித்ததும், சாப்பிட்டுக்கொண்டிருந்த மகள் தட்டைப் பார்த்தபடியே, "நான் மக்கும்மா, விட்டுடுங்க" என்றாள். அவன் பிசைந்த சோற்றை அப்படியே விட்டு எழுந்தான். ஆனாலும் ஏதாவது சொன்னானா?

வாசிப்பில் தடுமாறும் பிள்ளைகளைப் பரிசோதிக்கிற ஒரு நிபுணரிடம் மூவரும் போனார்கள். பெரிய இடத்துக்குப் போகிறோம் என்று மனைவி சலவை சோப்பும் பழைய பிரஷும் கொடுத்து, நகக்கண் வரை தேய்த்துக் கழுவ வைத்திருந்தாள். அவன் கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் வெள்ளைச் சட்டையில் உட்கார்ந்திருந்தான்.

நிபுணர் நரைத்த தலையும் பொறுமையுமாக ஒரு அம்மாள். படிப்பது மூளைக்குப் பிறவியிலேயே வந்த வேலை இல்லை என்றார். முகங்களையும் பொருள்களையும் அடையாளம் காண்கிற பகுதியை ஒட்டி, மண்டையின் இடது பின்பக்கத்தில், எழுத்து தனக்கென்று ஒரு துண்டு இடம் பிடித்துக்கொள்கிறதாம். பழகப் பழக, தெரிந்த முகத்தைக் கூட்டத்தில் கண்டுகொள்வது மாதிரி, அந்த இடம் சொல்லைப் பார்த்த மாத்திரத்தில் கண்டுகொள்ளும். அதற்கு முதலில் எழுத்தின் வடிவமும் அதன் சத்தமும் இறுகப் பிணைய வேண்டும். சிலருக்கு அந்தப் பிணைப்பு லேசில் அமைவதில்லை. இதில் கண்ணின் மேல் குற்றமில்லை, புத்தி மேலும் இல்லை, சோம்பேறித்தனம் அறவே இல்லை என்று முடித்தார்.

மெக்கானிக் தன்னை மறந்து முன்னால் சாய்ந்தான். "பட்டனும் சரி, மோட்டாரும் சரி, நடுவுல ஒயர்தான் சுத்திக்கிட்டுப் போகுது. அதானுங்களே?"

அதேதான் என்று நிபுணர் சிரித்தார். முறையாகப் பழக்கினால் நிறைய முன்னேறலாம் என்றும் சொன்னார். பிறகு சாதாரணமாகக் கேட்டார்: இது குடும்பங்களில் தொடர்ந்து வருவதுண்டு, உங்கள் வீட்டில் வேறு யாருக்காவது இருக்கிறதா?

"யாருக்கும் கிடையாதுங்க," என்றாள் மனைவி. "இவர் தினம் பேப்பரை முழுசாப் படிச்சிட்டுத்தான் வேலைக்கே கிளம்புவார்."

மகளின் தலை தொங்கிப்போனது. ஆக, வீட்டில் அவள் ஒருத்திதான் இப்படி. அவன் அதைப் பார்த்தான். பார்த்துவிட்டு வாயைத் திறக்கப் போன சமயத்தில், நிபுணர் மூன்று பக்கப் படிவம் ஒன்றை அவனிடம் நீட்டி, படித்துப் பார்த்து நிரப்பச் சொன்னார். கையோ பிறந்த குழந்தையின் கை மாதிரி பளபளவென்று இருந்தது. ஆசாமி எழுந்தேவிட்டான். "உங்க லிஃப்ட்டுல ஏதோ சத்தம் வருது, ஒரு நிமிஷம்" என்று சொல்லிவிட்டு வெளியே பாய்ந்தான்.

லிஃப்ட் பாவம், ஒரு சத்தமும் போடவில்லை. பையில் எப்போதும் இருக்கும் சாவியால் அதன் கதவைத் திறந்து, உள்ளே லிஃப்ட் ஓடுகிற, கிரீஸ் பூசிய இரும்புத் தண்டில் இரண்டு கையையும் ஆசை தீரத் தேய்த்தான். போன உயிர் திரும்பி வந்தது.

அறைக் கதவைத் தோளால் தள்ளி, பத்து விரலையும் விரித்தபடி உள்ளே வந்தான். மகளின் எதிரே வாசிக்கச் சொல்லி ஓர் அட்டை வைத்திருந்தார்கள். பக்கத்தில் முத்திரை குத்தும் மைப்பெட்டி திறந்து கிடந்தது. அவள் பத்து விரலும் நீலம். அவற்றை விரித்து நிபுணரிடம் காட்டி, அவனுடைய அதே இழுவையில் சொன்னாள்:

"கையெல்லாம் மை, நீங்களே படிங்க."

மனைவி மகளை அதட்டத்தான் வாயெடுத்தாள். அதற்குள் வாசலில் விரிந்து நின்ற கறுப்பு விரல்கள் கண்ணில் பட்டன. நீலத்தைப் பார்த்தாள், கறுப்பைப் பார்த்தாள், பிறகு புருஷனின் முகத்தை அச்சுத் தாளைப் பார்ப்பதுபோல் மேலிருந்து கீழ்வரை நிறுத்தி நிறுத்திப் பார்த்தாள். அவனுக்கு வெட்கத்தில் காது சுட்டது. என் பிள்ளைக்கு நான் சேர்த்து வைத்த சொத்து இந்த ஒரு வசனம்தானா என்று நினைத்தபோது அழுகை முட்டியது.

கையை வெள்ளைச் சட்டையில் துடைத்தான். இருந்த ஒரே நல்ல சட்டை, போனால் போகட்டும். மகள் பக்கத்தில் உட்கார்ந்து அட்டையை இழுத்தான்.

"ம... மழை. நி... நின்... நின்றதும். எறு..." நெற்றி வியர்த்தது. "எறும்... புகள்."

மூன்று சொல்லுக்கு மூச்சு வாங்கியது.

"அப்பா, உனக்குமா?"

"எனக்கும்தாண்டி."

அவள் யோசித்தாள். "அப்போ நீயும் மக்கா?"

"மக்கு தொட்டா லிஃப்ட்டு ஓடுமா?"

மகள் நாற்காலியை அவன் பக்கம் நகர்த்தினாள். அடுத்த சொல்லின் கீழ் நீல விரலை வைத்து, "வ... வரி..." என்று தானாகவே தொடங்கினாள்.

மனைவி படிவத்தை எடுத்து நிரப்பினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள், கோபம் மட்டும் துடைபடவில்லை. "பதினாலு வருஷம்" என்று தனக்குள் ஒரு தடவை சொல்லிக்கொண்டாள். குடும்பத்தில் யாருக்காவது உண்டா என்ற கேள்விக்கு எதிரே ஒரே ஒரு சொல் எழுதி, காகிதத்தை அவன் பக்கம் திருப்பினாள்.

"சரியா எழுதியிருக்கேனான்னு படிச்சுச் சொல்லுங்க. அதான் கையைத் துடைச்சாச்சே."

அவன் குனிந்தான். "த... தகப்..." என்று முட்டி நின்றான். அடுத்தவர் பிழையைத் திருத்தியே பழகியவள், எடுத்துக் கொடுக்காமல், பேனாவை மூடி வைத்துவிட்டுக் காத்திருந்தாள்.