பத்து நிமிடம் மட்டுமே செல்லுபடியாகும்

“நம்பர சொல்லுப்பா, டைம் ஓடுது—”

“சொல்லமாட்டன்னா சொல்லமாட்டன். உங்கம்மா இருந்திருந்தா—”

“அம்மாவ இழுக்காத. ஆறு நம்பருப்பா. ஆறே ஆறு—”

“ஆறானாலும் சொல்லமாட்டன், அரையானாலும் சொல்லமாட்டன். உக்காந்து சாப்புடு.”

ஜெயசீலன் போனைச் சட்டைப் பையில் போட்டு, பையின்மேல் கையை வைத்து மூடிக்கொண்டார். எதிரே தரையில் உட்கார்ந்திருந்த ஜெசிந்தாவின் மடியில் லேப்டாப் திறந்திருந்தது. திரையில் ஆறு காலிக் கட்டங்கள். அவற்றுக்குமேல் நிமிடமும் நொடியும் குறைந்துகொண்டே வந்து, கடைசியில் ஒன்றுமில்லாமல் நின்றது. கட்டங்கள் மறைந்தன. காலையிலிருந்து இது மூன்றாவது முறை.

முந்தின நாள்தான் அவள் அம்மா செலின் மேரிக்கு முப்பதாம் நாள் பூசை முடிந்திருந்தது. வில்லியனூரிலிருந்தும் செல்லிப்பட்டிலிருந்தும் வந்த உறவுக்காரர்கள் கல்லறைக்குப் போய் மெழுகுவர்த்தி கொளுத்திவிட்டு, சாப்பிட்டுவிட்டு, சாயங்கால பஸ்ஸிலேயே போய்விட்டார்கள். இனி வீட்டில் அப்பாவும் மகளும் மட்டும்தான். விடிந்ததும் ஜெசிந்தா சொன்ன முதல் பேச்சே, படிப்பை விட்டுவிடப் போகிறேன் என்பதுதான். யூனிவர்சிட்டியிலிருந்து விலக விண்ணப்பம் போட்டாயிற்றாம். அப்பா சம்மதம் ஒன்றுதான் பாக்கியாம். அவர் போனுக்கு ஒரு நம்பர் வரும், அதைச் சொன்னால் போதுமாம்.

படிப்பை விட்டுவிட்டு என்ன செய்வாய் என்று கேட்டார். உன்னோடு கழனிக்கு வருகிறேன், களை எடுக்கிறேன் என்றாள்.

“கோரைக்கும் நெல்லுக்கும் வித்தியாசம் தெரியுமாடி உனக்கு? பயிரப் புடுங்கி வரப்புல போட்டுட்டு வருவ.”

வேறொரு நாளாக இருந்தால் அதற்குச் சிரித்திருப்பாள்.

அந்த யூனிவர்சிட்டி தனியாருடையது. கம்ப்யூட்டர் படிப்புக்கென்றே ஐந்து ஊர்களில் கேம்பஸ் வைத்திருந்தார்கள். அதில் ஒன்று வீட்டிலிருந்து ஒன்றரை மணி நேரம், தினமும் பஸ்ஸில் போய்வரலாம். அங்கே சேர் என்றுதான் ஜெயசீலன் சொன்னார். ஆனால் மனிதர் பேச்சைக் கம்ப்யூட்டருக்குப் புரியவைப்பதும், கம்ப்யூட்டரைப் பேசவைப்பதுமான பாடம், ஒன்பது மணி நேரம் தள்ளியிருந்த தெற்குக் கேம்பஸில் மட்டும்தான் இருந்தது. ஜெசிந்தாவுக்கு அதுதான் வேண்டும். அவளுக்காகச் செலின் மேரி புருஷனோடு நாலு நாள் மல்லுக்கு நின்றாள். கிட்டத்தில் இருக்கிறது என்று பார்த்துச் சேர்ப்பதானால் கழனிதான் எல்லாவற்றையும்விடக் கிட்டத்தில் இருக்கிறது, அங்கேயே சேர்த்துவிடு என்றாள். அதற்குமேல் அவர் தெற்குக் கேம்பஸுக்கே சம்மதித்தார்.

ஐந்து கேம்பஸுக்கும் ஒரே சட்டம். ஹாஸ்டல் பெண் கேட்டைத் தாண்ட வேண்டுமானால் பெற்றவர் போனுக்கு ஆறு எண்கள் வரும். பெற்றவர் சொல்ல, பிள்ளை அதை அடிக்க வேண்டும். பத்து நிமிடம் மட்டுமே செல்லுபடியாகும் என்று கீழே எழுதியிருக்கும். பொங்கலுக்கும் ஈஸ்டருக்கும் அவள் கூப்பிடும்போது ஜெயசீலன் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, செபமாலை மணியை நகர்த்துவதுபோல ஒவ்வொரு எண்ணாக நிறுத்தி நிறுத்திச் சொல்லுவார். எழுதிக்கினியா என்று கேட்டுவிட்டுத்தான் போனை வைப்பார்.

போன லீவில் ஜெசிந்தா அவர்களுக்கு ஒரு வேடிக்கை காட்டினாள். அப்பா கழனி மோட்டாரைப் பற்றி யாரிடமோ போனில் கத்திக்கொண்டிருந்ததைப் பதிவு செய்து லேப்டாப்பில் போட்டாள். சற்று நேரத்தில் அது அவர் குரலில், “செலினு, சோறு போடு” என்றது. அடுப்பங்கரையிலிருந்து செலின் மேரி தட்டோடு வந்து நின்றாள். வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்த புருஷனைப் பார்த்தாள், லேப்டாப்பைப் பார்த்தாள். அப்புறம் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சோறு கேட்பதற்கு ஒன்று போதாதா, இரண்டாவதையும் கொண்டுவந்து விட்டாயே என்றாள்.

ஜெயசீலன் சிரிக்கவில்லை. திருடன் கையில் இது கிடைத்தால் என்ன ஆகும் என்று கேட்டார். கிடைத்துதான் இருக்கிறது என்று மகள் சொன்னாள். பெற்ற பிள்ளை அழுவதுபோலவே பேசி, போனுக்கு வந்த நம்பரை வாங்கிக்கொண்டு ஏமாற்றுகிறார்கள் என்றாள்.

“நானே அழுதுகினு கூப்ட்டாலும் நம்பர் சொல்லாதப்பா. நம்ம மூணு பேருக்கு மட்டும் ஒரு வார்த்த வெச்சுக்கலாம். அதக் கேளு. தெரிலன்னா போன வெச்சுட்டு, ஆஃப் பண்ணிடு.”

என்ன வார்த்தை வைப்பது என்று பேச்சு வந்தது. செலின் மேரி அப்போது துவையலுக்காகப் பீர்க்கங்காய்த் தோலைச் சீவிக்கொண்டிருந்தாள். பீர்க்கங்கா என்று வையுங்கள், எந்தத் திருடனுக்கும் தோன்றாது, இவளுக்கும் பிடிக்காது என்றாள். மூன்று பேரும் ஒருமுறை சொல்லிப் பார்த்தார்கள். மகளுக்கு அது அந்தச் சாயங்காலத்தோடு போயிற்று. அப்பாவுக்கு அது பத்துக் கட்டளைகளோடு பதினொன்றாவதாகச் சேர்ந்துகொண்டது.

மூன்று மாதம் கழித்துச் செலின் மேரி களை எடுத்த இடத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். பாண்டிக்குக் கொண்டுபோய் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மகளுக்குப் பரீட்சை நடந்துகொண்டிருந்தது. முடிகிற வரைக்கும் அவளுக்குச் சொல்லக்கூடாது என்று செலின் மேரியே சத்தியம் வாங்கினாள். ஆனால் செல்லிப்பட்டிலிருந்த அவள் அக்கா லில்லிக்கு மனசு கேட்கவில்லை. மூன்றாம் நாள் ஜெசிந்தாவைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டாள். சொன்னதை ஜெயசீலனிடம் சொல்லவில்லை. பெரியம்மா பேசிக்கொண்டிருக்கும்போதே ஜெசிந்தாவின் போன் கைநழுவி மாடிப்படியில் விழுந்து நொறுங்கியது. கூட இருந்த தோழியின் போனை வாங்கி அப்பாவைக் கூப்பிட்டாள்.

ஆஸ்பத்திரியில், கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஜெயசீலன் கேட்டது இவ்வளவுதான்: தெரியாத நம்பர், மகள் குரலில் ஓர் அழுகை, யாருமே மகளுக்குச் சொல்லாத விஷயம் அந்தக் குரலுக்குத் தெரிந்திருக்கிறது, உடனே நம்பரைச் சொல் என்கிறது. வார்த்தையைக் கேட்டார். குரலுக்குத் தெரியவில்லை. போனை வைத்தார். மறுபடியும் அடித்தது. ஆஃப் செய்தார். ஹாஸ்டலில் வார்டனும் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, பெற்றவர் சொல்லாமல் அனுப்ப வழியில்லை என்று சொல்லிவிட்டார்.

மறுநாள் விடியற்காலையில் செலின் மேரி போய்விட்டாள். அதற்கப்புறம்தான் ஜெயசீலன் போனைத் திறந்தார்.

இப்போது அந்தப் போன் சட்டைப் பைக்குள் மறுபடியும் சிணுங்கியது. ஜெசிந்தா நாலாவது முறையாக எண் கேட்டிருந்தாள். திரையில் பத்து நிமிடம் ஓடத் தொடங்கியது.

இந்த முறை அவள் நம்பரைக் கேட்கவில்லை.

“பீர்க்கங்கா,” என்றாள். “பீர்க்கங்கா. பீர்க்கங்கா. போதுமாப்பா?”

ஜெயசீலன் பைமேலிருந்த கையை எடுக்கவில்லை. மகளைப் பார்க்கவும் இல்லை.

“பஸ்ஸுல வரும்போது, விழுப்புரம் தாண்டி, தானா வந்துதுப்பா. யாரும் சொல்லல. வூடு வந்து சேர வரைக்கும் அதையே சொல்லிக்கினு வந்தன். பக்கத்து சீட்டுல இருந்த ஒரு அம்மா, இன்னா பாப்பா காய் வாங்கணுமான்னு கேட்டாங்க.”

அவள் மூக்கை உறிஞ்சினாள். உறிஞ்சும்போது ஒரு சிறு விக்கல் வந்து நின்றது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

யூனிவர்சிட்டியில் அந்த லேபுக்குள் இனி எப்படிப் போவேன் என்று கேட்டாள். அங்கே போய் உட்கார்ந்து, ஹெட்போனை மாட்டிக்கொண்டு, இன்னொரு குரல் செய்யச் சொல்வார்கள். செய்தால் நன்றாக இருக்கிறது என்பார்கள். என்னால் முடியாது என்றாள்.

“நானே செஞ்சு காட்டுனன். நானே சொல்லிக்குடுத்தன். நானே மறந்துட்டன். நீ இன்னாப்பா பண்ணுவ? நான் சொன்னததான செஞ்ச.”

முப்பது நாளாக ஜெயசீலன் அவள் கோபத்துக்காகக் காத்திருந்தார். அப்பாதான் கொன்றார் என்று ஒருநாள் சொல்லுவாள், அன்றைக்குத் தலையைக் குனிந்துகொள்ளலாம் என்று வைத்திருந்தார். நீ என்ன பண்ணுவாய் என்று அவள் கேட்பாள் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. நடந்ததைச் சொல்லாமல் இருந்தால் போதும். மகள் அவரோடு இருப்பாள். கழனிக்கு வருவாள், சோறு பொங்குவாள், தன்னையே திட்டிக்கொண்டு ஆயுசு முழுக்கக் கிடப்பாள். செலின் கடைசியில் மயக்கத்திலேயே போய்விட்டாள், யாரையும் கேட்கவில்லை என்று அவர் லில்லியிடமும் கோயில் சாமியாரிடமும் சொல்லியிருந்தார். மகளிடமும் அதையேதான் சொல்லியிருந்தார். வேறு யாருக்கும் எதுவும் தெரியாது.

“உங்கம்மா மயக்கத்துல இல்ல,” என்றார்.

ஜெசிந்தா நிமிர்ந்தாள்.

“எனக்குக் காது மந்தம்னு போன ஸ்பீக்கர்லதான் போட்டிருந்தன். நீ பேசுனத அவளும் கேட்டா. நீ வார்த்த தெரிலன்னு கத்துன. நான் வெச்சுட்டன். உங்கம்மா என் கையப் புடிச்சுகினா.”

வாசலில் மண்ணாடிப்பட்டு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போயிற்று.

“‘அது நம்ம பொண்ணுய்யா. மூக்க உறிஞ்சிட்டு ஒரு விக்கலு வுட்டா பாரு, அது அவதான். நம்பர சொல்லு’ன்னா. நான் கேக்கல பாப்பா. ‘உனக்கு இன்னா தெரியும், கம்ப்யூட்டரு விக்கக்கூட விக்கும்’னு சொன்னன். அவ எதிர்லயே போன ஆஃப் பண்ணன்.”

“அப்பா.”

“அப்புறமும் கேட்டுகினே இருந்தா. பாப்பா கெளம்பிட்டாளா, பாப்பா கெளம்பிட்டாளான்னு. வாய்க்கு வந்ததச் சொன்னன். கெளம்பிட்டா, பஸ்ஸுல இருக்கான்னு சொன்னன். அவளுக்குத் தெரியும், நான் பொய் சொல்றன்னு. மூஞ்சத் திருப்பிகினா.” அவர் துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார். “நீ மறந்ததால இல்ல. வார்த்த இல்லாமயே பெத்தவளுக்குத் தெரிஞ்சுது. எனக்குத் தெரில. அதான் நடந்தது.”

ஜெசிந்தா லேப்டாப்பை மடியிலிருந்து இறக்கித் தரையில் வைத்தாள். முழங்காலைக் கட்டிக்கொண்டு, சுவரில் மாட்டியிருந்த அம்மாவின் படத்தை நோக்கித் திரும்பிக்கொண்டாள். நேற்றுப் போட்ட சம்பங்கி மாலை அதில் வாடத் தொடங்கியிருந்தது. அவள் முதுகு மட்டும்தான் ஜெயசீலனுக்குத் தெரிந்தது.

திரையில் நாலு நிமிடம் சொச்சம் இருந்தது. அவர் எழுந்து போய் ஜன்னல் கட்டையில் கிடந்த கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். வந்து மகளுக்குப் பின்னால், கொஞ்சம் தள்ளி, தரையில் உட்கார்ந்தார். பையிலிருந்து போனை எடுத்துக் கண்ணுக்குக் கிட்டத்தில் பிடித்தார். எழுத்து கலங்கியது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் போட்டுக்கொண்டார்.

“நாலு... ஜீரோ... ஏழு... ஏழு... ரெண்டு... ஒம்போது. எழுதிக்கினியா பாப்பா?”