வெங்கடாசலம் நம்பிய ரத்தம்

பாப்பிரெட்டிப்பட்டி வெங்கடாசலத்துக்கு ரத்தத்தின் மேல் அபார நம்பிக்கை. பிரசவத்தில் மனைவி இறந்ததும், பச்சைக் குழந்தையைச் சித்தேரி மலைக்குத் தூக்கிப்போய் ராமக்கா என்ற மலைக்காரியிடம் விட்டார். அவள் தன் பிள்ளையோடு சேர்த்து இவனுக்கும் பால் கொடுத்தாள். எங்கே வளர்ந்தால் என்ன, எங்கள் வம்சத்து ரத்தம் பேசும் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு, பிள்ளைக்கு மீசை முளைக்கும்வரை மலைப்பக்கம் எட்டிப் பார்க்கவில்லை மனிதர்.

1938இல் மகன் தேவைப்பட்டான். பங்காளி முனியப்பனோடு புளியந்தோப்பு வழக்கு. தோப்பு முனியப்பனுடையது, உலுக்கியது இவர். வெங்கடாசலம் சொன்னால் அவர் வீட்டு நாய்கூட நம்பாது. மலையில் வளர்ந்தவன் பொய் சொல்ல மாட்டான் என்று எல்லோரும் நம்புவார்கள். ஆகவே பொய் சொல்ல அவனைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது என்று முடிவு கட்டினார். அந்தக் கெட்டிக்காரத்தனத்தைப் பாராட்டத்தான் வேண்டும்.

மலையில் தேன்மரத்தடியில் ஒருவன் புல்லை முடிந்து வைத்துவிட்டால் அந்தத் தேன் அவனுடையது. மற்றவன் அண்ணாந்துகூடப் பார்க்க மாட்டான். அப்படி வளர்ந்த மகன் தீர்த்தகிரியை ஊருக்கு அழைத்துவந்து எதிரில் உட்காரவைத்து, தோப்பு பாட்டன் காலத்திலிருந்து நம்முடையது என்று தினமும் பாடம் நடத்தினார். அவனை அழைத்துப்போய் மரங்களை உலுக்கியவரும் அவர்தான், முனியப்பன் பெண்டாட்டி வந்து அழுதபோது விரட்டியவரும் அவர்தான். அதையெல்லாம் பார்த்த பிள்ளை, ஓர் எழுத்துப் பிசகாமல் பாடத்தை ஒப்பித்தான். ரத்தம் ரத்தம்தான் என்று பூரித்துப் போனார்.

சேலம் கோர்ட்டில் கூண்டேறியதும் தீர்த்தகிரி பணிவாகக் கும்பிட்டான்.

“அப்பா சொல்லிக்குடுத்தது நல்லா பாடமா இருக்குதுங்க. அதைச் சொல்லட்டுங்களா, நடந்ததைச் சொல்லட்டுங்களா?”

நடந்ததையே சொல்லச் சொன்னார் ஜட்ஜு. சொன்னான். தோப்பு கைவிட்டுப் போயிற்று.

பொம்மிடியில் ரயில் இறங்கி மாட்டுவண்டியில் ஏறும்வரை வெங்கடாசலம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். ஊர் எல்லை தெரிந்ததும் தாங்க முடியவில்லை.

“என் ரத்தத்துல ஒரு குத்தமும் இல்லடா. அந்த மலைக்காரி பாலுதான் உன்னைக் கெடுத்துருச்சு.”

தீர்த்தகிரிக்குக் கோபம் வரவில்லை. தகப்பன்மேல் அவனுக்கு நிஜமாகவே இரக்கம் வந்தது.

“உங்களுக்கு யாருங்கப்பா பாலு குடுத்தாங்க?”

பெற்ற தாய்தான் என்றால், இவரைக் கெடுத்தது அவள் பால் என்றாகி அவள் மானம் போகும். வேறு யாரோ என்று சொல்லிவிடலாம்தான். ஆனால் வாழ்க்கையில் முதல்முறையாக வெங்கடாசலத்துக்கு ஒரு பொய் வாயில் வரவில்லை.