மஞ்சள் தாடி முகம்

லவுரேயானோ செத்தபோது, திருவிழா வேஷங்களை வாடகைக்கு விடுகிற முகமூடி வீட்டுக்கு வைத்துவிட்டுப் போன பாக்கி இரண்டாயிரத்து முந்நூற்றுப் பதினைந்து கெட்சால் பணம். தலைநகரில் கட்டிடச் சாரத்திலிருந்து விழுந்தவனுக்கு மேஸ்திரி கொடுத்தது ஒரு சவப்பெட்டியும் வண்டிச் சத்தமும்தான். கூலியைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை.

சந்தியாகப்பர் திருவிழாவில் ஒன்பது வருஷம், அந்தக் காலத்தில் ஊரைப் பிடித்த வெள்ளைக்காரத் தளபதியின் வேஷம் கட்டி ஆடுவதாக நேர்ந்துகொண்டவன் அவன். ஏழு ஆடிவிட்டான். மீதி இரண்டையும் வீட்டில் யாராவது ஆடி முடிக்க வேண்டும். முடிக்காவிட்டால் செத்தவர்கள் போய்ச் சேருகிற மலைக்குள்ளே அவன் தனியாக ஆடிக்கொண்டே கிடப்பான், அங்கே இருக்கிறவர்கள் உட்கார விடமாட்டார்கள். தம்பி எவுசேபியோ ஆடத் தயார்தான். ஆனால் பழைய வாடகை தீராமல் அந்தக் குடும்பத்துக்கு வேஷம் கொடுக்க மாட்டார்கள். கல் சுமக்கிற கூலியில் சோளம் வாங்கிப் போட்டால் கையில் என்ன நிற்கும்?

அந்தச் சமயத்தில்தான் அக்கா மகள் ரொசெந்தா வந்தாள். தலைநகரில் படித்துவிட்டு, ஊர்ப் பிள்ளைகளை வைத்துத் தங்கள் கிச்சே பாஷையிலேயே நாடகம் போடுகிறவள். இந்த முறை லவுரேயானோ விழுந்து செத்த கதையையே நாடகமாக்கியிருந்தாள். அதில் மேஸ்திரியாக வருகிறவனுக்குத் தளபதியின் முகமூடியையே வைத்திருந்தாள். எவுசேபியோ அந்த வேஷத்தை ஆடினால் மூவாயிரம் கெட்சால் தருவதாகச் சொன்னாள். முகமூடி வீட்டு நிக்கானோரும் முகத்தைத் தர மறுக்கவில்லை.

"நாடகத்துக்குன்னா அது வெறும் மரக்கட்ட. வாடகையக் குடுத்துட்டு எடுத்துட்டுப் போ, தாயி."

ஒத்திகையில்தான் வம்பு வந்தது.

"கடைசியில முகத்தக் கழட்டிட்டு, சனங்களப் பாத்துப் பெரிய மாமா பேரச் சொல்லணும்" என்றாள் ரொசெந்தா.

"சனம் பாக்கக் கழட்டவா?" என்றான் எவுசேபியோ. "ஆட்டம் முடியறதுக்குள்ள கழட்டுனா ஆடுன வருஷமெல்லாம் அழிஞ்சிரும் புள்ள."

"இது ஆட்டம் இல்ல மாமா, நாடகம். நம்மள வெட்டுனவன் மூஞ்சிய எத்தன காலத்துக்கு நம்ம மூஞ்சி மேல மாட்டிக்கிட்டுத் திரியறது?"

"அவன் மூஞ்சியா இது? உள்ள மோந்து பாரு. ஏழு வருஷமா உன் பெரிய மாமன் வேர்வை. எந்த வெள்ளக்காரனுக்கு இந்த நாத்தம் வரும்?"

மேளக்காரன் பசிலியோ சிரித்துவிட்டான். "லவுரேயானோ குளிக்கறதே திருவிழாவுக்குத் திருவிழாதான்."

ரொசெந்தா சிரிக்கவில்லை. "கழட்டலன்னா அவரு எப்படிச் செத்தாருன்னு யாருக்கும் தெரியப் போறதில்ல. இன்னொரு தளபதி ஆடிட்டுப் போனான்னு கைதட்டிட்டு எந்திரிச்சுப் போயிருவாங்க."

அதுவும் நியாயமாகத்தான் பட்டது. சந்தியாகப்பர் இல்லை, ஊர்வலம் இல்லை, கோயில் வாசலும் இல்லை. இது எப்படி ஆட்டம் ஆகும்? எவுசேபியோ தலையாட்டிவிட்டான். மூவாயிரத்தில் பாக்கி தீரும். தீர்ந்தால் அண்ணனின் இரண்டு வருஷத்தை ஆடிவிடலாம். அந்த நினைப்பிலேயே தலைநகருக்கு பஸ் ஏறினான்.

நாடகத்தன்று மத்தியானம் வேஷம் கட்டும் அறையில் தனியாக இருந்தான். மேசை மேல் அந்த முகம் மஞ்சள் தாடியோடு மல்லாந்து கிடந்தது. ஆடப் போகிறபோது அதனிடம் கேட்காமல் எப்படி மாட்டுவது? பிறந்ததிலிருந்து அப்படி மாட்டிய ஒருவரையும் பார்த்ததில்லை. பையிலிருந்த கரும்புச் சாராயத்தை எடுத்து முகத்தின் உள்பக்கம் கொஞ்சம் ஊற்றினான். "அண்ணே, நான்தான். வா. கூட நில்லு" என்றான்.

காவலாளி எட்டிப் பார்த்தான். "இங்க குடிக்கக் கூடாதுய்யா."

"நான் குடிக்கல. அண்ணனுக்கு."

"அண்ணன் எங்க?"

எவுசேபியோ முகத்தைக் காட்டினான். "அவருக்கும் கூடாது" என்று சொல்லிவிட்டுக் காவலாளி போனான்.

நாடகம் நன்றாகவே நடந்தது. கடைசியில் மேளம் ஓய்வதற்கு முன்னால் எவுசேபியோ முகத்தைக் கழற்றினான். விளக்கு கண்ணைக் குத்தியது. அண்ணன் பேரையும் அவன் விழுந்து செத்த கட்டிடத்தையும் சொன்னான். அரங்கமே எழுந்து நின்றது. முன்வரிசையில் ஒரு அம்மாள் அழுதாள். ரொசெந்தா ஓரத்திலிருந்து ஓடிவந்து அவனைக் கட்டிக்கொண்டாள். அவன் மூக்கை விட்டுச் சாராய வாடை மட்டும் போகவே இல்லை.

ஊர் திரும்பியதும் முகத்தைத் துணியில் சுற்றிக்கொண்டு, பணத்தோடு நேராக முகமூடி வீட்டுக்குப் போனான். நிக்கானோர் முகத்தைத் திருப்பி உள்பக்கத்தை முகர்ந்தார்.

"யாரு ஊத்துனது?"

"நான்தாங்க."

"யாரக் கூப்புட்டு?"

"அண்ணன."

நிக்கானோர் முகத்தைத் துணி மேல் வைத்தார். "நீ கழட்டுனத என் மக போன்ல பாத்தேன். மரக்கட்டதானன்னு நெனச்சு விட்டுட்டேன். ஊத்தாம இருந்திருந்தா மரக்கட்டதான்டா. நீ கூப்புட்டிருக்க. அவனும் வந்திருக்கான். வந்தவன அத்தன பேர் முன்னால உரிச்சு எறிஞ்சிட்டியே."

"மரியாதைக்குத்தாங்க ஊத்துனேன்."

"தெரியுது. அதான் வயிறு எரியுது."

எவுசேபியோ பணத்தை நீட்டினான். "ரெண்டாயிரத்து முந்நூத்திப் பதினஞ்சு இருக்கு, எண்ணிக்குங்க. அந்த ரெண்டு வருஷத்த நான்..."

"எந்த ரெண்டு? ஏழே போச்சு."

"அப்ப ஒம்பதையும் மொதல்லேருந்து நான் ஆடுறேன்."

"ஆடு. உன் பேருக்கு ஆடு, யாரு வேணாங்குறா? அவனுக்கு ஆகாது. செத்தவன் புதுசா நேந்துக்க முடியுமா?"

"பணத்தையாவது வாங்கிக்குங்க ஐயா. கும்புட்டுக் கேக்கறேன்."

"எதுக்குன்னு வாங்கறது? அவன் ஆடவே இல்லன்னு ஆகிப்போச்சு. ஆடாதவனுக்கு ஏது வாடகை?"

உள் சுவரில் ஆட்டக்காரர்களின் கணக்கு கரியால் எழுதிக் கிடந்தது. நிக்கானோர் எழுந்து போய், லவுரேயானோவின் பேரையும் அதற்கு நேரே இருந்த தொகையையும் ஈரத்துணியால் துடைத்தார். கரி லேசில் போகவில்லை. இரண்டு தடவை தண்ணீர் தொட்டு அழுத்தித் துடைத்தார். பிறகு துணியைப் பிழிந்து கொடியில் போட்டார்.

"உங்க வீட்டுக்குப் பாக்கி ஒண்ணும் இல்ல" என்றார்.